பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி: கலாபகோஸ் படகு வியாபாரமும் எமது களப்பும்

எமது கரையோரத்தில் படகு என்றால் மீன். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கரைக்கு இழுத்து வைத்திருக்கும் பைபர் படகைப் பார்த்தால், அதன் முதலாளி எத்தனை கிலோ மீன் கொண்டு வந்தார், எண்ணெய்க்கு எவ்வளவு போனது என்றுதான் கணக்குப் பார்ப்போம். அதே படகில் ஆட்களை ஏற்றி, பறவையையும் முதலையையும் யானையையும் காட்டிவிட்டு, ஒரு மீன்கூடப் பிடிக்காமல் திரும்பி வந்து காசு வாங்கலாம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் பொத்துவில் களப்பில் எமது மீனவர்கள் பல வருடங்களாக இதைச் செய்து வருகின்றார்கள். எமது மாவட்டத்தின் மறு எல்லையில், இங்கினியாகலையிலும் இது நடக்கின்றது. உலகின் மறுபக்கத்திலோ ஒரு தீவுக்கூட்டமே பெரும்பாலும் இந்த வியாபாரத்தை நம்பித்தான் நிற்கின்றது.

அந்தத் தீவுக்கூட்டத்தின் பெயர் கலாபகோஸ். தென் அமெரிக்காவிலுள்ள எக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமானது. கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் மேற்கே, பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கின்றது. கொழும்பிலிருந்து மாலைதீவுக்குள்ள தூரத்தைவிட இது அதிகம். அங்கு நடக்கும் வன உயிரினப் படகுப் பயணத்தைப் பற்றி இங்கு எழுதுவதற்குக் காரணம், எமது வாசகர்களில் யாராவது நாளைக்கே அங்கு புறப்படப் போகின்றார்கள் என்பதல்ல. படகில் ஆளேற்றி விலங்கு காட்டும் தொழிலை எப்படி ஒழுங்கு செய்தால் அது நிலைக்கும், எப்படி விட்டால் கெடும் என்பதற்கு அதைப்போல் விரிவான உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கலாபகோஸ் தீவுகள் எல்லாமே எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உண்டானவை. கடலடியில் ஓரிடத்தில் பூமியின் உட்சூடு மேலே வருகின்றது. அதற்கு மேலாகப் பூமியின் ஓடு மெல்லக் கிழக்கு நோக்கி நகர்கின்றது. ஆகவே கிழக்கில் இருக்கும் தீவுகள் பழையவை, தேய்ந்தவை. மேற்கில் இருக்கும் இசபெலா, பெர்னாண்டினா ஆகியவை இளையவை, இன்னும் கொதிப்பவை. 2024 மார்ச் மாதத்திலும் பெர்னாண்டினாவில் எரிமலை வெடித்து நெருப்புக் குழம்பு கடலை நோக்கி ஓடியது. இராக் கடலில் படகில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

பெரும் நிலத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் இருப்பதால், அங்கு போய்ச் சேர்ந்த உயிரினங்கள் தம் போக்கில் மாறிப்போயின. கடலில் மூழ்கிப் பாசி மேயும் உடும்பு போன்ற ஒரு பிராணி, நூறு வயதைத் தாண்டி வாழும் பேராமை, பறக்க மறந்த நீர்க்காகம், நீல நிறக் கால்களைத் தூக்கித் தூக்கி ஆடிப் பெட்டையை அழைக்கும் கடற்பறவை, பூமத்திய ரேகையில் வாழும் பென்குயின் என்று வரிசை நீளும். குளிர்ந்த நீரோட்டங்கள் அவ்வழியாகப் போவதால்தான் பென்குயினுக்கு அந்த வெப்ப வலயத்தில் வாழ முடிகின்றது. 1835இல் சார்ள்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் வந்து ஐந்து வாரங்கள் இத்தீவுகளைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்த்தவைதான் பிற்காலத்தில் அவரது பெயரை உலகறியச் செய்தன.

வியாபாரிக்கு முக்கியமான விடயம் வேறொன்று. அந்த விலங்குகளுக்கு மனிதனைக் கண்டால் பயமில்லை. நிலத்தில் பெரிய வேட்டை மிருகங்கள் இல்லாத இடத்தில் பல்லாயிரம் வருடங்கள் வாழ்ந்ததால் ஓடும் பழக்கம் அவற்றுக்கு வரவில்லை. கடற்சிங்கம் நடைபாதையில் படுத்துக் கிடக்கும். மனிதர் சுற்றிப் போகவேண்டும். இந்தப் பயமின்மைதான் அங்கு விற்பனைக்கு இருக்கும் சரக்கு. ஒரு தடவை துரத்தினால், கல்லெறிந்தால், உணவு போட்டுப் பழக்கினால், அந்தச் சரக்கு கெட்டுவிடும். மறு கொள்வனவு செய்ய எந்தச் சந்தையும் இல்லை.

1959இல் எக்குவடோர் இத்தீவுகளைத் தேசிய பூங்காவாக்கியது. 1960களின் பிற்பகுதியில் கப்பலில் தங்கியபடியே தீவு தீவாகப் பார்க்கும் சுற்றுலா தொடங்கியது. அன்று தீவுகளில் ஹோட்டல்கள் இல்லை என்றே சொல்லலாம். உறங்குவதும் உண்பதும் கப்பலில், பார்ப்பது மட்டும் கரையில் என்ற ஏற்பாடு வசதிக்காக வந்தது. பின்னர் அதுவே பாதுகாப்பு முறையாகவும் ஆகிவிட்டது.

இப்பொழுது ஒரு பிரயாணி அங்கு எப்படிப் போகின்றார்? எக்குவடோரின் தலைநகரம் கீட்டோவிலிருந்தோ குவயாகீல் துறைமுக நகரத்திலிருந்தோ விமானம். ஏறுமுன் பொதிகளைச் சோதிப்பார்கள். விதை, பழம், செடி, மண் எதுவும் போகக்கூடாது. இறங்கியதும் பூங்காக் கட்டணம். முன்னர் வெளிநாட்டவருக்கு 100 டொலராக இருந்தது, 2024 ஒகஸ்ட் முதலாம் திகதி முதல் பெரும்பாலானவர்களுக்கு 200 டொலர். இது உள்ளே போவதற்கு மட்டும். கப்பல் செலவு வேறு. ஒரு வாரப் பயணத்துக்கு ஆளுக்குச் சில ஆயிரம் டொலர்கள் ஆகும்.

கப்பல்கள் பெரியவையல்ல. பல படகுகள் பதினாறு பேர் அளவில் ஏற்றுபவை. எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் நூறு பேருக்கு மேல் ஏற்ற முடியாது. இரவில் பிரயாணிகள் உறங்கும்போது கப்பல் அடுத்த தீவுக்கு ஓடும். காலையில் சிறிய இறப்பர் படகில் கரைக்குக் கொண்டு போவார்கள். சில இடங்களில் கல்லில் கால் வைத்து இறங்கலாம், சில இடங்களில் முழங்கால் தண்ணீரில்தான் இறங்கவேண்டும். கரையில் கம்பங்கள் நட்டு எல்லை குறித்த ஒற்றையடிப் பாதை. அதைவிட்டு ஓரடி வெளியே வைக்க முடியாது. விலங்கிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். உணவு கொண்டு போகக்கூடாது. கல், சிப்பி, இறகு எதையும் எடுத்து வரக்கூடாது. பொழுது சாயுமுன் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? ஒவ்வொரு குழுவுடனும் ஒரு வழிகாட்டி இருப்பார். ஒருவருக்குப் பதினாறு பேருக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கப்பல் கம்பனி, ஆனால் அனுமதிப்பத்திரம் கொடுப்பது பூங்கா. விதி மீறல் நடந்தால் பூங்காவுக்கு அறிவிக்கவேண்டியதும் அவரே. அதாவது முதலாளியின் ஆள், அதேவேளை அரசின் கண். கேட்பதற்குச் சங்கடமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அனுமதிப்பத்திரம் பறிபோனால் அவருடைய பிழைப்பே போய்விடும் என்பதால், முதலாளி வற்புறுத்தினாலும் அவர் எல்லை தாண்டத் தயங்குவார். ஒரு சிறிய அட்டை செய்யும் வேலையைப் பத்துக் காவலாளிகளால் செய்ய முடியாது என்றே நினைக்கின்றேன்.

கப்பல் எந்த நாளில் எந்தக் கரைக்குப் போகவேண்டும் என்பதையும் பூங்காவே தீர்மானிக்கின்றது. 2012இலிருந்து, ஒரு கப்பல் ஒரே இடத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் இரண்டாம் தடவை போக முடியாதபடி பயண அட்டவணைகள் மாற்றப்பட்டன. நல்ல இடத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வது இதனால் நின்றது. கப்பல் முதலாளிகள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். செலவு கூடும் என்றார்கள். ஆனால் நெரிசலில்லாத கரையைக் காட்டிக்கொடுக்க முடிந்ததால்தான் அந்த விலையை இன்றும் கேட்க முடிகின்றது.

படகுகளின் தொகைக்கும் எல்லை உண்டு. புதிய அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அங்கு படகு வியாபாரத்தில் உண்மையான மூலதனம் படகல்ல, அதன் அனுமதிப்பத்திரம். படகு பழுதானால் வேறொன்று கட்டலாம். எமது ஊர் பஸ் முதலாளிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாதை அனுமதியின் விலையையும் பழைய பஸ்ஸின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

இந்த ஒழுங்கு சமாதானமாக வந்ததென்று நினைக்க வேண்டாம். 1990களில் கலாபகோஸ் மீனவர்கள் கடலட்டை பிடிக்கத் தொடங்கினார்கள். கடலட்டை எங்கே போகும், யார் வாங்குவார், என்ன விலை என்பது எமது கரையோரத்துக்குத் தெரிந்த கதைதான். அங்கும் சீனச் சந்தைக்குத்தான் போனது. அரசு அதைத் தடுத்தபோது 1995இல் மீனவர்கள் கத்திகளுடன் ஆராய்ச்சி நிலையத்தை முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவர்களுடைய கேள்வியில் நியாயமும் இருந்தது: வெள்ளைக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போவதற்காக எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடப்பதா?

1998இல் வந்த விசேட சட்டம் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொன்னது. தீவுகளைச் சுற்றி 40 கடல் மைல்களுக்குள் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் வரத் தடை. உள்ளூர் மீனவர் மட்டுமே சிறிய அளவில் பிடிக்கலாம். வெளியூரார் வந்து குடியேறுவதற்குக் கட்டுப்பாடு. பூங்காக் கட்டணத்தில் ஒரு பங்கு உள்ளூர் சபைகளுக்கும் போகவேண்டும். பின்னர் 2000களில், மீனவர்கள் தமது படகிலேயே பிரயாணிகளை ஏற்றிச் சென்று மீன்பிடியைக் காட்டும் ஒரு முறைக்கும் அனுமதி கிடைத்தது. மீனவனைத் தொழிலிலிருந்து விரட்டாமல் தொழிலுக்குள்ளேயே பக்கக் கதவு திறந்து விட்டார்கள்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. பிரயாணி கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி தீவுகளைத் தொடாமலே வெளியிலுள்ள கம்பனிகளிடம் நின்றுவிடுகின்றது என்ற முறைப்பாடு நெடுநாளையது. 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவுக்கருகில் தரைதட்டி எண்ணெய் கடலில் கலந்தது. அது கொண்டுவந்த எண்ணெயில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பலுக்கானது. 2007இல் யுனெஸ்கோ இத்தீவுகளை ஆபத்திலுள்ள உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கூட்டமும் குடியேற்றமும் வெளியிலிருந்து வந்த செடி, பூச்சிகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2010இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2023இல் அங்கு வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். தரையில் தங்கும் பிரயாணிகளின் தொகை கூடிக்கொண்டே போவது இப்போதைய தலையிடி.

கலாபகோஸைப் பற்றி இவ்வளவு போதும். இனி எமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் எரிமலைத் தீவு இல்லை. தெற்காசியாவில் உயிருடன் இருக்கும் ஒரே எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு. ஆனால் படகில் போய் உயிரினங்களைப் பார்க்கும் வியாபாரம் எமது நாட்டில் நான்கைந்து இடங்களில் நடக்கின்றது. அவற்றில் இரண்டு எமக்கு எச்சரிக்கை.

தெற்கே மிரிஸ்ஸவில் 2008 அளவில் நீலத்திமிங்கிலம் பார்க்கும் படகுகள் ஓடத் தொடங்கின. உலகின் மிகப்பெரிய பிராணி கரைக்கு இவ்வளவு அருகில் வருவது பெரும் அதிர்ஷ்டம். யுத்தம் முடிந்து பிரயாணிகள் பெருகியதும் படகுகளும் பெருகின. ஒரு திமிங்கிலம் மூச்சுவிட மேலே வந்தால் பல படகுகள் நாலாபக்கமும் வளைத்துக்கொள்ளும் நிலை உண்டானது. 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தன; தூரம் விட்டு நிற்கவேண்டும், துரத்தக்கூடாது என்றெல்லாம் எழுதப்பட்டது. ஆனால் பக்கத்துப் படகு கிட்டப் போகும்போது தூரத்தில் நிற்பவன் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவான். அந்தப் படகுகளில் கலாபகோஸைப்போல், அட்டையைப் பறிகொடுக்கப் பயப்படும் வழிகாட்டி இல்லை. வந்துபோன பிரயாணிகள் பலர் திமிங்கிலத்தைப் புகழ்ந்தும் படகுகளை இகழ்ந்தும் எழுதினார்கள்.

மற்றது எமக்குக் கிட்டிய இடம், நிலாவெளிப் புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. முருகைக்கல்லும் வண்ண மீன்களும் கருமுனைச் சுறாக்களும் கழுத்தளவு தண்ணீரிலேயே தெரியும். 2009க்குப் பின்னர் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கினார்கள். நீந்தத் தெரியாதவர்கள் முருகைக்கல்லின் மேல் கால் ஊன்றி நின்றார்கள். முருகைக்கல் கல்லல்ல, உயிர். விரலளவு வளர வருடங்கள் பிடிக்கும், மிதித்தால் ஒரு நொடியில் உடையும். கட்டணம் வாங்குவதற்கு அங்கு ஆள் இருந்தது. ஒரு நேரத்தில் எத்தனை பேர் தண்ணீரில் நிற்கலாம் என்று எண்ணுவதற்கு ஆள் இருந்திருக்கவேண்டும்.

எமது மாவட்டத்தில் நிலைமை இன்னும் கைமீறவில்லை. அதனால்தான் இப்போதே பேசவேண்டியிருக்கின்றது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டப்பட்டது. அதில் தேங்கியதுதான் சேனாநாயக்க சமுத்திரம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களுக்குப் போகும் தண்ணீரின் தாய்க்குளம் என்பதால் எமது போடிமாருக்கு அதன் நீர்மட்டம் அங்குலக் கணக்கில் தெரியும். அந்தத் தண்ணீருக்குள் தீவுகள் இருப்பது பலருக்குத் தெரியாது. பள்ளத்தாக்கு மூழ்கியபோது மூழ்காமல் மிஞ்சிய குன்றுகளின் தலைகள்தாம் அந்தத் தீவுகள். எரிமலை எழுப்பியவை அல்ல, அணைக்கட்டு உண்டாக்கியவை. சுற்றியுள்ள காடு 1954 பெப்ரவரியில் கல்லோயா தேசிய பூங்காவானது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கரைகளிலும் தீவுகளிலும் இளம் புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும். தும்பிக்கையை மேலே தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு, முதுகு மட்டும் தெரிய யானை நீந்துவதைப் படகிலிருந்து பார்க்கலாம். யானை நல்ல நீச்சல்காரன். 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால் நடுக்கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு யானையைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்த செய்தி உலகமெல்லாம் போனது. பறவைகள் கூடுகட்டும் தீவு ஒன்றும் அங்குண்டு. மார்ச் முதல் ஜூலை வரையான மாதங்கள் நல்லவை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. யாலயில் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்பதைப்போன்ற நெரிசல் இங்கு இல்லை.

பொத்துவில் களப்புக்கு இத்தகைய வேலியோ வாயிற்காவலோ இல்லை. அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர்கள் காலையிலோ மாலையிலோ இரண்டு மணித்தியாலம் துடுப்பு வலிக்கும் தோணியில் கண்டல் காட்டுக்குள் போகின்றார்கள். கரையோரம் முதலை, உடும்பு, கொக்கு, நாரை, மீன்கொத்தி; அதிர்ஷ்டம் இருந்தால் களப்பு ஓரத்தில் யானை. தோணி வலிப்பவர் அங்கு வலை வீசி வளர்ந்த மீனவர். எந்தக் கண்டலின் கீழ் முதலை படுக்கும் என்பது அவருக்குப் படித்துத் தெரிந்ததல்ல. இதுதான் எமது மூலதனம். கடையில் வாங்க முடியாதது.

இனி ஒரு கணக்கு. உண்மை விலையல்ல, விளங்குவதற்காக மட்டும். களப்பில் பத்துத் தோணிகள்; ஒரு நாளைக்கு 40 பிரயாணிகள்; ஆளுக்கு 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80,000 ரூபா. முறைப்படி பிரித்தால் தோணிக்கு 8,000. இதைப் பார்த்து வெளியிலிருந்து ஐந்து பேர் தோணியோ இயந்திரப் படகோ கொண்டு வருகின்றார்கள். ஆள் பிடிப்பதற்காக விலை 1,200க்கு இறங்குகின்றது. மலிவைக் கண்டு 50 பேர் வந்தாலும் மொத்தம் 60,000. பதினைந்தால் பிரித்தால் 4,000. பிரயாணி கூடியும் வருமானம் பாதியாகிவிட்டது. அதற்கு மேல், இயந்திரச் சத்தத்தில் பறவை எழும்பிப் போய்விட்டால் அந்த 50 பேரும் அடுத்த வருடம் வரமாட்டார்கள்.

ஆகவே எண்ணிக்கைக்கு எல்லை, விலைக்குத் தரை, முறைக்கு வரிசை மூன்றும் வேண்டும். முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் யாருடைய முறை என்று பலகையில் எழுதி வைப்பதைப்போல் களப்பிலும் எழுதி வைக்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்குப் பழக்கமானவை. கரைவலையில் முறை வைப்பது எமது கரையில் பாட்டன் காலத்து வழக்கம். எவர் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை போடுவது என்று சண்டையில்லாமல் தீர்க்கத் தெரிந்தவர்களுக்குத் தோணி முறை பெரிய விடயமல்ல.

வழிகாட்டிக்கு அனுமதிப்பத்திரம் எடுப்பது அடுத்தது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று தரம் பிரித்துப் பதிவு செய்கின்றது. க.பொ.த. உயர்தரம் படித்துவிட்டு மத்திய கிழக்கு விசாவுக்குக் காத்திருக்கும் எத்தனையோ பிள்ளைகள் எமது ஊர்களில் இருக்கின்றார்கள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த ஒரு பிள்ளைக்கு நூறு பறவைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தால், தோணி வலிப்பவருக்கு அருகில் அமர்த்தலாம். வலிப்பவருக்குக் களப்புத் தெரியும், பிள்ளைக்குப் பேசத் தெரியும். பிரயாணி இரண்டாம் தடவை விலை பேசமாட்டார்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை எமது சமூகம் மறக்கவில்லை. ஆழமில்லாத நீர்தானே என்று உயிர்காப்பு அங்கியைத் தோணியின் அடியில் சுருட்டி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கி அணியாத பிரயாணியை ஏற்றுவதில்லை என்ற ஒரே விதியைச் சங்கம் இறுக்கமாகப் பிடித்தால் போதும்.

கல்முனை வர்த்தகருக்கு இதில் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். வெளிநாட்டவரின் வேன் மொனராகலை வழியாக வந்து பொத்துவிலில் இறங்குகின்றது. அதற்கு வடக்கே அவர் வருவதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர்தான், ஆனால் வியாபாரத்தில் அது இன்னொரு மாகாணம் போல் இருக்கின்றது. பிரயாணியை இங்கு இழுப்பதைவிட, பிரயாணிக்குப் பயன்படும் பொருளை அங்கு அனுப்புவது சுலபம். உயிர்காப்பு அங்கி, படகு இயந்திர உதிரிப்பாகம், ஐஸ், உலர் உணவு, சம்மாந்துறை அரிசி, எருமைத் தயிர், ஹலால் சமையலுக்கு இறைச்சி ஆகியவற்றை ஒரே இடத்தில் ஒழுங்காகக் கொடுக்கும் மொத்த வியாபாரி ஒருவருக்கு இடமிருக்கின்றது. மருதமுனைக் கைத்தறிச் சாரனைக் கடற்கரையில் இடுப்பில் சுற்ற விரும்பும் வெளிநாட்டவர் ஏராளம். அதை அங்கு தொங்கவிடத்தான் ஆளில்லை.

முதலீடு செய்ய விரும்புவோருக்கு ஒரு சொல். தோணி வாங்கிக் கூலிக்கு ஆள் வைப்பதைவிட, களப்பைத் தெரிந்த மீனவருடன் பங்காகச் சேர்வது நல்லது. இலாபத்தையும் நட்டத்தையும் பிரித்துக்கொள்ளும் பங்கு முறை கடல் தொழிலில் ஏற்கனவே உள்ளது. வட்டிக்கு இடமில்லாததாகவும் அமையும். கூலிக்கு வலிப்பவர் முதலையைக் கிட்டக் காட்டச் சொன்னால் கிட்டப் போவார். பங்காளி யோசிப்பார்.

கசப்பான விடயம் ஒன்றும் உண்டு. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்துகிடந்த படங்கள் 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தன. எட்டு வருடங்களில் ஏறத்தாழ இருபது யானைகள் அவ்வாறு இறந்ததாகச் செய்தி. அங்கு கொட்டப்படுவது எமது கரையோர ஊர்களின் குப்பை. அதிலே எமது கடைகளின் பொலித்தீன் பைகளும் இருக்கும். ஒரு பக்கம் யானை காட்டிக் காசு வாங்குவதும் மறுபக்கம் யானைக்குப் பொலித்தீன் தின்னக் கொடுப்பதும் ஒரே மாவட்டத்தில் நடக்கின்றன. கல்முனை, அக்கரைப்பற்று வர்த்தக சங்கங்கள் பிரதேச சபைகளுடன் பேசவேண்டிய முதல் விடயம் இதுவென்பது எமது கருத்து. ஹோட்டல் கட்டுவது பிறகு.

சுற்றுலாவை மட்டும் நம்பி வலையை விற்றுவிடவும் கூடாது. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு குறைந்து, கொவிட் காலத்தில், 2021இல், இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இல் எண்ணெய் வரிசை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது; அதே வருடம் ஒக்டோபரில் அறுகம்பையைப் பற்றி அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஓர் எச்சரிக்கையால் சில நாட்களிலேயே விடுதிகள் வெறிச்சோடின. எமது மீனவரோ வர்த்தகரோ செய்த தவறு எதுவும் அதிலில்லை. கலாபகோஸிலும் 2020 மார்ச்சில் கப்பல்கள் ஒரேயடியாக நின்றன. வலையும் தோட்டமும் கையில் வைத்திருந்தவர்கள் மீனைக் கொடுத்துக் காய்கறி வாங்கி நாட்களைக் கடத்தினார்கள்.

பொத்துவிலில் மாரி தொடங்கியதும் பிரயாணி போய்விடுவார். சீசன் மீண்டும் ஏப்ரல் கடைசியில்தான் சூடு பிடிக்கும். தோணிக்குத் தார் பூசுவதும், அங்கிகளை எண்ணுவதும், வழிகாட்டிப் பதிவுக்கு விண்ணப்பிப்பதும், முறைப் பலகைக்குப் பெயர் எழுதுவதும் இடையிலுள்ள அந்த மாதங்களில் செய்யவேண்டியவை.